வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓப்பன் சோர்ஸ்: நாள் எப்படிப் போகும், காசு எங்கிருந்து வரும்?

பாஷ்_பாண்டியன்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் பைத்தான் மொழியில் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (மற்ற நிரலர்கள் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) எழுதிப் பராமரித்து வருகிறேன். வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பைக் கொடுத்தால் தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று அட்டவணையாகப் பிரித்துத் தரும், அவ்வளவுதான். முதலில் அப்பாவின் கடைக் கணக்குக்காக எழுதியது. இப்போது கடன் செயலி நடத்துகிறவர்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று யார் யாரோ பயன்படுத்துகிறார்கள். ஏதாவது ஒரு வங்கி தன் பிடிஎஃப்பில் ஒரு பத்தியை இடம் மாற்றினால் போதும், மறுநாள் காலை என் இன்பாக்ஸ் நிரம்பிவிடும்.

வேலையை விடலாமா என்று யோசனை. ஒரு வருடம் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது, மனைவியும் வேலைக்குப் போகிறார், வீட்டுக் கடன் இல்லை. விரும்பியவர்கள் பணம் அனுப்ப ஸ்பான்சர் பட்டன் வைத்திருக்கிறேன், டீச்செலவுக்கு வருகிறது. முழுநேரமாக இறங்கினால் அது ஏறுமா? இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் ஒரு நாள் நிஜமாக எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து காபியோடு கோடிங் என்கிற யூடியூப் கதை வேண்டாம். இன்னொன்று, பார்க்கிறவர்கள் எல்லாம் ரஸ்ட் என்ற வேறு மொழியில் திருப்பி எழுது என்கிறார்கள். எழுதலாமா?

நாஞ்சில்_நிரலர்

தம்பி, நான் சில வருடங்களாக இதில்தான் இருக்கிறேன். கோ மொழியில் எழுதிய ஒரு பேக்கப் கருவி, கமாண்ட் லைனில் ஓடுவது. நீங்கள் நினைப்பது போல நாள் முழுவதும் நிரல் எழுத முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி நேரம் அடுத்தவர் எழுதியதைப் படிப்பதிலும், அது ஏன் இவருக்கு மட்டும் ஓடவில்லை என்று தேடுவதிலும், முடியாது என்று நாகரிகமாகச் சொல்வதிலும் போகும். இந்த மூன்றாவதுதான் பெரிய வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சமீபத்தில் ஒருவர் இஷ்யூ (பிழைப் புகார்) போட்டார், கடிதம் என்ற கோப்பு ஒழுங்காக பேக்கப் ஆகிறது, கொள்முதல் என்ற கோப்பு மட்டும் இரண்டு இரண்டாக வருகிறது என்று. தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நாலைந்து கேள்வி கேட்ட பிறகுதான் பழைய மேக் டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன் என்கிறார். அப்போதுதான் பொறி தட்டியது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு ஒன்று, பின்னால் வரும் கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸுக்கோ கோப்பின் பெயர் வெறும் பைட்டுகள், அதற்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்புகள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதை.

திருத்தம் என்று பார்த்தால் சில வரிகள்தான். ஒப்பிடும்போது மட்டும் இரண்டு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், டிஸ்க்கில் இருக்கும் பெயரை மட்டும் தொடவே கூடாது, ஏனென்றால் பேக்கப் கருவி பெயரை மாற்றுகிறது என்று தெரிந்தால் அப்புறம் யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தச் சில வரிகளுக்கு முன்னும் பின்னும் பாருங்கள்: பழைய மேக் டிஸ்க்கின் பிம்பம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிழையை என் கணினியில் வரவழைக்க வேண்டும், கொரியன், வியட்நாமியப் பெயர்கள் உடையாமல் இருக்கின்றனவா என்று டெஸ்ட் எழுத வேண்டும், ஔ என்பதற்கு ஒ போட்டுப் பக்கத்தில் ள போடும் ஆட்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும் (ஒன்றும் செய்வதில்லை, அது அவர்கள் தட்டியது, யூனிகோடைப் பொறுத்தவரை வேறு சொல்). பிறகு சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்), ரிலீஸ், விண்டோஸில் மட்டும் சிஐ (தானாக ஓடும் சோதனை) சிவப்பாக நிற்பது ஏன் என்று பார்ப்பது, டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ் பார்ப்பவரின் மெயிலுக்குப் பதில். ஒரு நாள் போனதே தெரியாது. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் வரலாற்றில் பார்த்தால் ஒரே ஒரு சின்ன கமிட் (பதிவு).

பிறகு அந்த மெயில்கள். எஸ்த்ரீ (அமேசானின் கிளவுட் சேமிப்பு) மாதிரி இன்னொரு சேவைக்கும் ஆதரவு சேர்த்துவிட்டேன், மெர்ஜ் செய்யுங்கள் (உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்) என்று ஒருவர் ஆயிரம் வரி அனுப்புவார். நல்ல மனிதர், நல்ல நிரல். ஆனால் மெர்ஜ் செய்த அடுத்த நிமிடத்திலிருந்து அது என் குழந்தை, அவர் வேலை மாறிப் போய்விடுவார். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் எழுதுகிறவர்களைப் பாருங்கள். நிரல் முழுக்கப் பொதுவெளியில், காப்புரிமையே இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியாட்களின் பேட்ச் (திருத்த நிரல்) வாங்குவதில்லை. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பும் இன்னும் சிலரும்தான் எழுதுகிறார்கள், 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால் வந்ததை எல்லாம் மெர்ஜ் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பான்சர் பட்டன் ஏறாது. உலகத்தில் பாதி இணையதளங்கள் இணைய இணைப்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை நம்பி ஓடிக்கொண்டிருந்தபோது, 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வரும்வரை, அதற்கு வந்த நன்கொடை வருடத்துக்கு 2000 டாலர் அளவில்தான் இருந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க எல்லோரும் வருவார்கள், தூர் வார ஆள் தேட வேண்டும். இது கஞ்சத்தனம்கூட இல்லை. ஒரு நிறுவனத்தின் மேலாளருக்கு நன்கொடை கொடுக்கக் கணக்கில் தலைப்பு கிடையாது, அதற்கு மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதே ஆளுக்கு 'ஆதரவு ஒப்பந்தம், ஒரு வருடம்' என்று போட்டு இன்வாய்ஸ் அனுப்பினால் அவரால் கையெழுத்துப் போட முடியும். என் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி வருவதுதான், மீதி கன்சல்டிங். சைட்கிக் (ரூபி மொழி நிரல்களுக்குப் பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) எழுதிய மைக் பெர்ஹாம் 2012-லிருந்து ஒரு பதிப்பை இலவசமாகவும் ப்ரோ பதிப்பை விலைக்கும் கொடுத்து, முதலீட்டாளர் யாரும் இல்லாமல் தனி ஆளாகவே நல்ல தொழிலாக்கிக் காட்டினார். உங்களுடையதில் அந்த மாதிரி ஒரு கோடு எங்கே விழும் என்று யோசியுங்கள். எனக்குத் தோன்றுவது, லைப்ரரி இலவசம், வங்கிகள் வடிவம் மாற்றும்போது 24 மணி நேரத்தில் திருத்தம் வேண்டும் என்பவர்களுக்குச் சந்தா.

ரஸ்ட்: வேண்டாம். ரஸ்ட் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 2021 பிப்ரவரியில் 3.4 பதிப்பில் ரஸ்டைக் கொண்டுவந்தபோது ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னர் வைத்திருந்தவர்கள் பலருக்கு பில்ட் (நிரலைக் கட்டியெடுக்கும் வேலை) உடைந்து ஒரே கூச்சல். அவர்களுக்குக் காரணம் இருந்தது, வெளியிலிருந்து வரும் நம்ப முடியாத பைட்டுகளைப் படிக்கும் இடத்தில் மெமரி பாதுகாப்பு பெரிய விஷயம். உங்களுக்கு என்ன காரணம்? பிடிஎஃப் படிப்பது மெதுவாக இருக்கிறது என்று ஒரு பயனராவது புகார் சொன்னாரா? அவர்கள் கேட்பது எல்லாம் நேற்று மாறிய வடிவத்துக்கு இன்று திருத்தம். அதற்குப் பைத்தான்தான் சௌகரியம்.

காப்பிலெஃப்ட்_கதிர்

நாஞ்சிலார் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிப்படையான ஒன்றை விட்டுவிட்டார். பாண்டியன், உங்கள் லைசென்ஸ் என்ன? எம்ஐடி (யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது) என்றுதான் இருக்கும், எல்லோரும் கிட்ஹப் காட்டும் பெட்டியில் முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தானே. எம்ஐடி கொடுத்துவிட்டு, கடன் செயலிக்காரன் ஒரு பைசா தரவில்லை என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை, நீங்கள்தானே எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

ஏஜிபிஎல் போடுங்கள், அதாவது இதை மாற்றிச் சேவையாக நடத்துகிறவர்கள் தங்கள் நிரலையும் வெளியிட வேண்டும் என்கிற லைசென்ஸ். அதோடு, ஏஜிபிஎல் ஒத்துவராதவர்களுக்கு விலைக்கு வணிக லைசென்ஸ். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் காலத்திலிருந்து இருப்பதுதான். பெரிய நிறுவனங்களின் வக்கீல்களுக்கு ஏஜிபிஎல் என்றாலே காய்ச்சல் வரும், உடனே 'வணிக லைசென்ஸ் கிடைக்குமா' என்று மெயில் வரும். அந்த மெயில்தான் உங்கள் சம்பளம்.

நாஞ்சில்_நிரலர்

கதிர், புதிதாகத் தொடங்கும் புராஜெக்ட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. ஏற்கெனவே ஆட்கள் நம்பி ஓட்டிக்கொண்டிருப்பதை நடுவில் மாற்றினால் என்ன ஆகும் என்று ரெடிஸ் டேட்டாபேஸில் பார்த்தோமே. 2024 மார்ச்சில் எம்ஐடி மாதிரி தளர்வான பிஎஸ்டி லைசென்ஸை விட்டார்கள், அந்த மாதம் முடிவதற்குள் பழைய நிரலை எடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வால்கீ பிறந்துவிட்டது, பெரிய கிளவுட் நிறுவனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல்லோடு திரும்பி வந்தது, போனவர்கள் போனவர்கள்தான். கிளவுட் சர்வர்களை அமைக்கும் டெர்ராஃபார்ம் கருவி 2023-இல் லைசென்ஸை மாற்றியதற்கும் ஓப்பன்டோஃபூ பதிலாக வந்தது. அத்தனை பணம் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி.

தவிர, ஏஜிபிஎல் போட்ட பிறகு வரும் பேட்ச்களையும் சேர்த்து வணிக லைசென்ஸ் விற்க வேண்டுமானால், அனுப்புகிறவர்கள் அதற்கான உரிமையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பாண்டியனுக்கு எத்தனை பேர் பேட்ச் அனுப்புகிறார்களோ, அத்தனை பேரிடமும் அதைக் கேட்டு வாங்குகிற வேலை இருக்கிறது.

மின்மினி

லைசென்ஸ் சண்டை முடிந்துவிட்டது என்றால் நான் ஒன்று சொல்லலாமா. நானும் இன்னும் இருவரும் சேர்ந்து ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி பார்க்கிறோம், எனக்கு அது பகுதிநேரம்தான், பகலில் வேறு வேலை. பாண்டியன் பதிவில் எனக்கு உறுத்துவது பணம் இல்லை, தனி ஆளாக இருக்கிறீர்கள் என்பது.

லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் விவகாரம் தெரிந்திருக்கும். ஆனால் எல்லோரும் அதன் கடைசி அத்தியாயத்தைத்தான் பேசுவார்கள்: 2024 மார்ச் 29, ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்திருந்த பின்கதவைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். நான் பார்க்கச் சொல்வது 2022-இன் மெயில்களை. லாஸ்ஸே காலின் அந்த லைப்ரரியைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து வரிசையாக மெயில்: ஏன் இவ்வளவு மெதுவு, ஏன் வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. தனக்கு மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் புராஜெக்ட் என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். அந்த நேரம் பார்த்து 'உதவிக்கு' வந்து நின்றவர்தான், பிறகு அந்தப் பின்கதவை வைத்த ஜியா டான். களைத்துப்போன ஒருவருக்கு உதவி வருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? பின்கதவுக்கான வழியை முதலில் திறந்தது அந்தக் களைப்புதான். உங்கள் லைப்ரரி வங்கி ஸ்டேட்மென்ட் படிக்கிறது. அதில் ஒருவர் நாலு வரி நுழைத்தால் எத்தனை பேர் கணக்கு விவரம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பேக்கேஜ் வெளியிடும் உரிமை யாருக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கிறதா, நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள், இதையெல்லாம் ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஏஐ. நான் அதற்கு எதிரி இல்லை, டெஸ்ட் எழுத நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை வைத்து எழுதி வரும் பாதுகாப்பு அறிக்கைகள் இருக்கின்றனவே, அப்பப்பா. ஆங்கிலம் பளபள என்று இருக்கும், தலைப்பு, தாக்கம், தீவிரம், எல்லாம் கட்டம் கட்டி. படித்துக்கொண்டே போனால் நம் நிரலில் இல்லாத ஒரு ஃபங்ஷனில் ஓட்டை இருக்கிறது என்பார்கள். எழுதியவருக்கு ஒரு நிமிடம், பொய் என்று நிரூபிக்க நமக்கு ஒரு மத்தியானம். கர்ல் (இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கருவி) புராஜெக்ட்டில் டேனியல் ஸ்டென்பெர்க், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு 2019-லிருந்து நடத்திய பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு மூடிவிட்டார், இந்தக் குப்பை தாங்காமல். அவருக்குச் சம்பளம் கொடுத்து இதையே பார்க்கச் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கிறது. நமக்கு?

நாங்கள் இப்போது வைத்திருக்கும் விதி: பிழையை வரவழைக்கும் ஸ்கிரிப்ட் இல்லாத அறிக்கை, படிக்காமலே மூடப்படும். கொஞ்சம் கடுமைதான், திட்டுகிறார்கள், பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் பெரிய விஷயம் பேசிவிட்டீர்கள், நான் சில்லறை விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பணம் வரும்போது ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆதரவு ஒப்பந்தம் போட்டு டாலரில் வாங்கினால் அது சேவை ஏற்றுமதி. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்துவிடுங்கள், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். மொத்த வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பதிவே தேவையில்லை, ஆனால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி பர்ப்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்ற குறியீடு) கேட்கும், மென்பொருள் கன்சல்டன்சிக்கு பி0802. பணம் வந்ததற்கான சான்றை, அதாவது எஃப்ஐஆர்சி அல்லது எஃப்ஐஆர்ஏ, ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள். ஸ்பான்சர் பட்டனில் வருவதும் கணக்கில் காட்ட வேண்டிய வருமானம்தான், நன்கொடை என்று பெயர் இருப்பதால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மானியம் என்று பார்த்தால் இரண்டு இடம் நினைவுக்கு வருகிறது. ஒன்று ஃப்ளாஸ் ஃபண்ட், பங்கு வர்த்தக நிறுவனமான செரோதா 2024 அக்டோபரில் அறிவித்தது, வருடத்துக்கு 10 லட்சம் டாலர், ஒரு புராஜெக்ட்டுக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை. உங்கள் ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் இடம்) ஃபண்டிங் ஜேசான் என்று ஒரு கோப்பு வைத்து, எதற்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது நெதர்லாந்தின் என்எல்நெட், முதல் விண்ணப்பத்துக்கு 5,000 முதல் 50,000 யூரோ வரை. இந்த மாதிரி இடங்களில் 'பராமரிப்பு' என்று பொதுவாக எழுதாமல் என்ன செய்து முடிப்பீர்கள் என்று துண்டு துண்டாக எழுதுங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லை: உங்கள் இப்போதைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தீர்களா? பல ஐடி நிறுவனங்களில் வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் எழுதும் எதுவும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கும், அலுவலக லேப்டாப்பில் எழுதினீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

பாஷ்_பாண்டியன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கதிர் அண்ணா, ஆமாம், எம்ஐடிதான். பங்களித்தவர்கள் பட்டியல் நீளம், அதனால் நாஞ்சில் அண்ணா சொன்ன சந்தா வழிதான் சரிப்படும் போலிருக்கிறது.

மின்மினி, வெளியிடும் உரிமை என் ஒருவனிடம்தான் இருக்கிறது. அடிக்கடி நல்ல பேட்ச் அனுப்பும் ஒரு பெண் இருக்கிறார், விழுப்புரம் பக்கம், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அந்த ஷரத்து இருக்கிறது. எழுதியது எல்லாம் என் சொந்த லேப்டாப்பில்தான், ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது. யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

நாஞ்சில்_நிரலர்

வயிற்றைக் கலக்க வேண்டாம், ஆனால் வாய்வார்த்தையாகவும் விடாதீர்கள். எச்ஆருக்கு ஒரு மெயில்: இந்தப் பெயரில், இந்த முகவரியில், இந்தத் தேதியிலிருந்து பொதுவெளியில் இருக்கும் லைப்ரரி, சொந்தக் கருவியில், வேலை நேரத்துக்கு வெளியே எழுதியது, நிறுவனத்தின் தொழிலோடு சம்பந்தம் இல்லாதது, இதில் உரிமை கோருவதில்லை என்று எழுத்தில் உறுதி தாருங்கள் என்று. மேலாளரிடம் முதலில் நேரில் சொல்லிவிட்டு அனுப்புங்கள், திடீரென்று மெயில் போனால் வக்கீலிடம் ஓடுவார்கள். ரிலீவிங் கடிதம் வாங்குவதற்கு முன்பே இது கையில் இருக்க வேண்டும், வெளியே வந்த பிறகு உங்கள் மெயிலைத் திறக்கவே ஆள் இருக்காது. மழுப்பினால் ஒரு வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இஷ்யூ போட்டவர்களின் மெயில் முகவரியில் நிறுவன டொமைன் இருப்பவர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களிடம் 'சந்தா மாதிரி ஒன்று வந்தால் உங்கள் நிறுவனம் எடுக்குமா, யாரிடம் பேச வேண்டும்' என்று ஒரு வரி கேளுங்கள். விற்க வேண்டாம், கேட்டால் போதும். மூன்று பேராவது ஆமாம் என்று சொல்லி ஆள் பெயரும் கொடுத்தால் ராஜினாமா பற்றி யோசிக்கலாம். ஒருவரும் பதில் போடவில்லை என்றால் அதுவும் பதில்தான், வேலையை வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ஐரோப்பாவில் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவர்களை முதலில் பிடியுங்கள். அங்கே மென்பொருள் பாதுகாப்புக்கான சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் பெரும்பகுதி 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது, இப்போதே தாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் நீளமான கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதை இலவசமாக நிரப்பித் தராதீர்கள்.

புதுவரவு_77

பாண்டியன் ப்ரோ, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். உங்கள் லைப்ரரி கூட்டுறவு வங்கி ஸ்டேட்மென்ட் படிக்குமா? கொஞ்சம் அவசரம், திங்கட்கிழமைக்குள் எங்கள் சாருக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனி மெயிலிலிருந்து கோப்பை அனுப்பவா?

பாஷ்_பாண்டியன்

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் படிக்காது. எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிடிஎஃப் என்றால், கணக்கு எண்ணையும் பெயரையும் மாற்றிவிட்டு ரெப்போவில் ஒரு இஷ்யூ போடுங்கள், மெயில் வேண்டாம். கம்பெனி டொமைன் எது என்று மட்டும் இங்கேயே சொல்லிவிட்டுப் போங்கள்.